பெருமாள் ஃபோல்டரில் ஒரு கல்யாணம்

நகரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஹரிபிரசாத் டிஜிட்டல் ஸ்டூடியோவில், டிஜிட்டல் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. அதுவும் சுவிட்சைப் போட்டு, கீழே கடையிலிருந்து டீ வரவழைத்து, எல்லோரும் குடித்து முடித்த பிறகும், ‘வெல்கம்’ என்று வாயளவில் சொல்லிக்கொண்டு ஒருவரையும் உள்ளே விடாமல் நின்றது.

“வாங்க வாங்கன்னு சொல்லிக்கினே வாசல்ல நிக்க வெச்சிருக்குது பாருக்கா. எங்க பெரியப்பா வூடு மாதிரியே கீது,” என்றான் தேவேந்திரன்.

தாட்சாயணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருப்பதியில் டிடெக்டிவ் ஏஜென்சி நடத்துகிறவள் அவள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை விசாரிப்பதும், கல்யாணத்துக்குப் பின்னால் அதே மாப்பிள்ளையை மறுபடி விசாரிப்பதும்தான் ஏஜென்சியின் முக்கால்வாசிப் பிழைப்பு. தேவேந்திரன் அவளுடைய உதவியாளன். அதற்கு முன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தவன். மெஷினிடம் பதமாக நடந்துகொள்வான், மெஷினைக் கொண்டுவந்தவர்களிடம்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். கடைக்காரர் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவிட்டார்.

சுவிட்சர்லாந்து பனிமலை வரைந்த திரைக்கு முன்னால், போட்டோ எடுக்கிற முக்காலியில் கன்னிகா உட்கார்ந்திருந்தாள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கமெல்லாம் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். ஊரில் பாதி முகங்களைப் பளிச்சென்று ஆக்கியவளின் முகம் இப்போது அழுதழுது வீங்கிக் கிடந்தது. அவள் கூப்பிட்டுத்தான் இவர்கள் திருப்பதியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஆனி மாசக் கடைசி முகூர்த்தத்தில் மாந்தோப்பு வேங்கடாசலத்தின் மூத்த மகள் ரூபாவுக்குக் கல்யாணம். ரிசப்ஷனில் பெண் போட்டிருந்த நீள ஆரத்தை, முகூர்த்தப் புடவை கட்டும்போது கழற்றிக் கன்னிகாவின் மேக்கப் பெட்டியில் வைத்தார்கள். தாலி கட்டி முடிந்து வந்து பார்த்தால் பெட்டி இருக்கிறது, ஆரம் இல்லை. “பொட்டியைத் தொட்டவ இவ ஒருத்திதான்!” என்று வேங்கடாசலம் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார். சாம்பார் ஊற்றுவதற்குள் அது வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. ஆவணிக் கல்யாணங்களுக்குக் கன்னிகாவைச் சொல்லி வைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் போன் போட்டு ‘வேணாம்மா’ என்றன. போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் அம்மா, இன்று சாயங்காலத்துக்குள் பெண் வீட்டார் போலீஸில் புகார் கொடுக்காவிட்டால் தானே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

கன்னிகாவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை ஒரு சிவப்பு விளக்கு. எல்லோரும் முகூர்த்தம் பார்க்க ஓடியபோது, மணப்பெண் அறையில் ஸ்டாண்டில் நின்ற வீடியோ கேமராவில் அது எரிந்துகொண்டிருந்ததாம். கேமராக்காரன் அணைக்க மறந்துவிட்டு டிபனுக்குப் போயிருக்கிறான்.

“அந்த வீடியோ லேதும்மா,” என்றார் ஸ்டூடியோக்காரர் ஹரிபிரசாத். நெற்றியில் நாமம், கழுத்தில் துளசி மாலை, பேச்சில் பாதி தெலுங்கு. “டிஸ்குல ஜாகா லேது, எடமே இல்ல. இன்னா பண்றது சொல்லுங்கோ? புதுசா ஒரு கல்யாண ஆர்டர் வந்துது. பழசை அழிச்சாதானே புதுசை உள்ளே வுட முடியும்? அழிச்சிட்டேன்.”

“மொத்தக் கல்யாணத்தையுமா?” என்றாள் தாட்சாயணி.

“மொத்தம். ஆல்பத்துக்குப் போட்டோ மட்டும் தனியா கீது.”

“ஏன்யா, இந்தக் காலத்துல ஒரு புது டிஸ்கு வாங்கக் கூடாதா?” என்றான் தேவேந்திரன்.

“இது ராசியான கம்ப்யூட்டர் தம்பி. என் மொத ஆர்டரே இதுலதான் எடிட் பண்ணேன். இதைத் தொறந்து கை வெச்சா ராசி போய்டும்.”

அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஒருவழியாகத் திறந்தது. திறந்ததும் திரை முழுக்கப் பெருமாள் எழுந்தருளி, மேளதாளத்தோடு ‘கோவிந்தா கோவிந்தா’ என்று பாட ஆரம்பித்துவிட்டார். தேவேந்திரன் அதை மூடப் போனான். ஹரிபிரசாத் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அய்யய்யோ! சாமி பாட்டை நடுவுல நிறுத்துவியா? தெனம் மொதல்ல இதுதான் ஓடணும். முழுசா முடியட்டும்.”

“நைனா, இந்த மெஷின்ல கீற மெமரியே ரெண்டு ஜிபி. அதுல பாதியைப் பெருமாள் எடுத்துக்கினாருன்னா, மத்தவங்க எங்க போய் நிப்பாங்க?”

“பெருமாளுக்குப் போகத்தான் மீதி.”

பாட்டு ஓடியது. தேவேந்திரன் பக்தியோடு காத்திருந்துவிட்டு, அது முடிந்ததும் பின்னணியில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று திறந்து பார்த்தான். பார்த்தவனுக்கு அழுகையே வந்தது. இரண்டு ஆன்டிவைரஸ்கள். ஒன்றை ஒன்று வைரஸ் என்று நினைத்து நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தன. எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டருக்கு ஒரு சாப்ட்வேர், தினமும் தவறாமல் எழுந்து, பிரிண்டர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. ஹரிபிரசாத்தின் மருமகன் போட்டுவிட்டுப் போன விளையாட்டு ஒன்று, யாரும் விளையாடாமலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“இவ்ளோ பேரைத் தோள்ல ஒக்கார வெச்சிக்கினு மெதுவா போவுது மெதுவா போவுதுன்னு சொன்னா எப்டி?” என்று முனகிக்கொண்டே ஒவ்வொன்றாக மூடினான். அடுத்த தடவை தானாக எழுந்திருக்கக் கூடாது என்று பட்டியலிலும் டிக்கை எடுத்தான். பெருமாளின் டிக்கில் மட்டும் அவனும் கை வைக்கவில்லை. ஹரிபிரசாத் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ஒரு காரணம். மற்ற காரணத்தை அவன் வெளியே சொல்ல மாட்டான்.

தாட்சாயணி அதுவரை சுவரில் தொங்கிய தேதி காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஹரி காரு, புது ஆர்டர் எப்போ வந்துது?”

“நேத்துதான்.”

“யாரு வூட்டுக் கல்யாணம்?”

“அது… நம்ம தெலுங்குக்காரங்க. தெரிஞ்சவங்க.”

“ஆடி பொறந்தாச்சு. தமிழன் கல்யாணம் பண்ண மாட்டான். தெலுங்குக்காரங்களுக்கு ஆஷாடம் இன்னும் முடியல. அவங்களும் பண்ண மாட்டாங்க. ரெண்டு பஞ்சாங்கமும் கதவைச் சாத்திக்கினு ஒக்காந்திருக்கற நேரம் பார்த்து எவன்யா உன்கிட்ட வந்து, அவசரமா ஜாகா பண்ணு, எனக்குக் கல்யாணம்னான்?”

ஹரிபிரசாத் துளசி மாலையைத் தடவினார். “அட்வான்ஸ் ஆர்டரும்மா. ஆவணிக்கு.”

“ஆவணிக் கல்யாணத்துக்கு இப்போவே பாய் விரிச்சு வெச்சிட்டியா?”

“அக்கா, பாயே விரிக்கலை,” என்றான் தேவேந்திரன். அவன் டிரைவுகளின் பக்கத்தைத் திறந்திருந்தான். சி டிரைவ் சிவப்பாக இருந்தது. டி டிரைவ் அதைவிடச் சிவப்பாக இருந்தது. “ஒரு முழுக் கல்யாணத்தை அழிச்சேன்னு சொல்றாரு. கட்டிலைத் தூக்கி வெளியே போட்டா ரூமு பெருசாவணுமா, இல்லியா? இங்க ஒரு பாட்டு ஏத்தக்கூட எடம் கெடையாது. புதுசா எதுவும் உள்ளே வரவும் இல்ல. அப்புறம் அந்த எடத்துல யாரு ஒக்காந்து கீறாங்க?”

“குப்பைத் தொட்டியில இருக்கும்,” என்றார் ஹரிபிரசாத் அவசரமாக. “அழிச்சா அங்கதானே போவுது?”

வாஸ்தவம்தான். குப்பைத் தொட்டிக்குப் போட்டாலும் பொருள் வீட்டுக்குள்தான் இருக்கும், இடம் காலியாகாது. தேவேந்திரன் அதையும் திறந்தான். கண்ணை மூடிய சித்தப்பாக்கள், வாயைத் திறந்த அத்தைகள், பந்தியில் இலையோடு சண்டை போடும் பெரியவர்கள், தலை வெட்டுப்பட்ட ஒரு புரோகிதர். வீடியோ ஒன்றுகூட இல்லை.

“வேணும்னே வெச்சிருக்கீங்களா நைனா? ஊர்ல ஒருத்தரையும் நிம்மதியா மறக்க வுட மாட்டீங்களா?” என்று எல்லாவற்றையும் காலி செய்தான். சிவப்புக் கோடு மனசே இல்லாமல் ஓர் இழை பின்வாங்கியது.

கன்னிகா முக்காலியிலிருந்து எழுந்து வந்தாள். “அப்போ வீடியோ இதுக்குள்ளதான் கீதா?”

“இருக்குது. எங்கன்னுதான் தெரியல. தேடச் சொன்னா இந்த மெஷினு தேடி முடிக்கறதுக்குள்ள ஆவணியே வந்துடும்,” என்றான் தேவேந்திரன்.

கன்னிகா கடிகாரத்தைப் பார்த்தாள். சாயங்காலம் அவளுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

“மெஷின் எதுக்குத் தேடணும்?” என்றாள் தாட்சாயணி. ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துத் திரை எதிரில் போட்டுக்கொண்டு, ஹரிபிரசாத்தைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். “உங்க ஜாகா பிரச்னையை இப்பவே தீர்த்துடலாம். ஒவ்வொரு ஃபோல்டரா காட்றேன். அழிக்கலாமா, வேணாமான்னு மட்டும் சொல்லுங்க.”

திரையில் வரிசையாகப் பெயர்கள் நின்றன. நியூ ஃபோல்டர். நியூ ஃபோல்டர் இரண்டு. பழசு. ரொம்பப் பழசு. சினிமா.

“நியூ ஃபோல்டர்?”

“அழிச்சிக்கோங்க.”

“பழசு?”

“அழிச்சிக்கோங்க.”

“சினிமா?”

ஹரிபிரசாத் ஒரு பெருமூச்சு விட்டார். “அழிச்சிக்கோங்க.”

“பெருமாள்?”

“அய்யய்யோ, அத்தத் தொடாதே!” மனிதர் சேரிலிருந்து எழுந்தே விட்டார். “சாமி படம்மா அது! சாமியை யாருனா அழிப்பாங்களா? பாவம் சுத்திக்கும்!”

“நானும் அழிக்கச் சொல்லலியே. எவ்ளோ பெருசுன்னு பாரு, தேவா.”

தேவேந்திரன் பார்த்தான். விசில் அடித்தான். “நாப்பது ஜிபிக்கா. ஏழு மலையையும் தூக்கியாந்து ஸ்கேன் பண்ணாகூட இவ்ளோ வராது.”

இந்தப் பக்கத்து ஊர்களில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் பெருமாள் பேரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். டிஸ்க் நிறைந்து வழிந்தாலும் சரி, சொந்தக் கல்யாணப் போட்டோவை அழிப்பார்களே தவிர அதன் மேல் எவரும் கை வைக்க மாட்டார்கள். ரிப்பேர் கடையில் இருந்த காலத்தில் தேவேந்திரனே அதை எத்தனையோ தடவை கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறான். ஒளிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது இன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

திறந்தான். மேலே பெருமாள் படங்கள் நாலைந்து. கீழே ‘ரூபா கல்யாணம்’.

ஹரிபிரசாத் உட்கார்ந்தார். நாமம் வியர்வையில் கரைந்தது.

“யாரோ அழிக்கச் சொன்னாங்க, இல்ல?” என்றாள் தாட்சாயணி.

“பெரிய எடம்மா. பேரைக் கேக்காதீங்க. அடுத்த கல்யாணமும் எனக்கே தரேன்னு சொன்னாங்க.”

“அப்புறம் ஏன் அழிக்கலை?”

“ஆல்பம் இன்னும் கைக்குப் போவலையே! ஆல்பம் போறவரைக்கும் ஒரிஜினலை அழிக்கக் கூடாது. அது தொழில் தர்மம்.”

“நல்லா கீதுய்யா உன் தர்மம்,” என்று கன்னிகா வெடித்தாள். “பொய் சொல்லலாம். நான் கம்பி எண்ணப் போனா வேடிக்கை பார்க்கலாம். ஒரிஜினலை மட்டும் அழிக்கக் கூடாதா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தேவேந்திரன் வீடியோவை ஓடவிட்டான்.

படத்தில் ஒரு கண்ணாடி, ஒரு காலி நாற்காலி, ஓரத்தில் மேக்கப் பெட்டி. ஆள் இல்லாத அறையை அழகாக எடுத்திருந்தார்கள். வெளியே மேளம் கேட்டது. மின்விசிறிக் காற்றில் ஒரு பூச்சரம் ஆடியது. படம் நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. பாவம், அந்த மெமரிக்கு அதுவே பெரிய ஓட்டம். வேகமாக ஓட்டிப் பார்க்கவும் பயமாக இருந்தது, நின்றுவிட்டால் மறுபடி ‘வெல்கம்’, மறுபடி கோவிந்தா. தேவேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெளியே கெட்டிமேளம் உச்சத்துக்குப் போனபோது, திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. பெட்டியைத் திறந்தது. ஆரத்தைத் தூக்கியது.

கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது.

“டேய், டேய், மூஞ்சி வரட்டும்டா!” என்று தேவேந்திரன் மானிட்டரின் பக்கவாட்டில் தட்டினான். “இவ்ளோ நேரம் காலி நாற்காலியைக் காட்டினியே, மூஞ்சியைக் காட்டறப்போ உனக்கு மூச்சு முட்டுதா?”

“வுடு, தேவா. போதும்,” என்றாள் தாட்சாயணி. திரைக்கு அருகில் குனிந்தாள். “விரலைப் பாரு.”

ஆரத்தைப் பிடித்திருந்த கையின் மோதிர விரலில் ஒரு புல் வளையம். தர்ப்பை.

“கெட்டிமேளம் கொட்டற நேரத்துல விரல்ல தர்ப்பை போட்டுக்கினு இருக்கறது ரெண்டே பேரு. ஒருத்தன் மாப்பிள்ளை. அவன் அந்நேரம் தாலி கட்டிக்கினு இருக்கான். இன்னொருத்தர்…”

“பொண்ணைத் தாரை வார்த்துக் குடுத்தவரு,” என்றான் தேவேந்திரன். சொன்ன பிறகுதான் அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. “அக்கா! பொண்ணோட நைனாவா? அவரு நகையை அவரே திருடினாரா?”

ஹரிபிரசாத் மறுக்கவில்லை. கன்னிகா ‘அட’ என்றுகூடச் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஏன் என்று தேவேந்திரனுக்கு அப்போது விளங்கவில்லை.

ஆல்பத்துக்குப் போட்டோ தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஹரிபிரசாத்தை விட்டுப் போன் போட வைத்தாள் தாட்சாயணி. வேங்கடாசலம் புல்லட்டில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மாடிப்படி அதிரும் நடை. உள்ளே கன்னிகாவைப் பார்த்ததும், “இவ எதுக்கு இங்க?” என்று ஆரம்பித்தவர், மானிட்டரில் நின்ற கையைப் பார்த்ததும் நிறுத்தினார். தன் கை தனக்கே தெரியாமல் போகுமா? தானாகவே அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஆரம் எங்க?” என்றாள் தாட்சாயணி.

அந்தப் பெரிய உடம்பு பிளாஸ்டிக் சேரில் தொப்பென்று விழுந்தது.

“அது தங்கமே இல்லம்மா. கவரிங்கு. இந்த வருஷம் மாம்பூவெல்லாம் கருகிப் போச்சு. ஒத்துக்கின நகையைப் போட முடியல. கல்யாணம் நின்னுடுமேன்னு கவரிங் போட்டேன். கல்யாணத்தன்னிக்குக் காலையில சம்பந்தியம்மா, ஆரத்தைத் திருப்பதியில ஆசாரிகிட்ட குடுத்து நீளம் சேர்க்கப் போறேன்னாங்க. ஆசாரி ஒரசிப் பார்த்தா குட்டு ஒடைஞ்சிடாதா?”

“அதான் களவு போச்சுன்னு கத்தினீங்க. சரி, இப்போ எங்க கீது?”

“உண்டியல்ல.”

“எந்த உண்டியல்ல?”

“மலையில… பெருமாள் உண்டியல்ல போட்டுட்டேன். வெளியே எங்க போட்டாலும் எவன் கண்ணுலயாவது படும். உண்டியலுக்குள்ள போனதை யாரு திருப்பி எடுத்தாந்து காட்டப் போறாங்க?”

தேவேந்திரன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். “ஊரையெல்லாம் ஏமாத்திட்டு, கடைசியில பெருமாளுக்கே கவரிங் போட்டுட்டு வந்தீங்களா?”

வேங்கடாசலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. “இது வெளியே தெரிஞ்சா எம் பொண்ணு வாழ்க்கை போய்டும்மா. கையெடுத்துக் கும்புடறேன்.”

“இந்தப் பொண்ணு வாழ்க்கை?” தாட்சாயணி கன்னிகாவைக் காட்டினாள். “இது போனா பரவால்லியா?”

கன்னிகாதான் பேசினாள்.

“எனக்குத் தெரியும், அது கவரிங்குன்னு.”

நான்கு பேரும் திரும்பினார்கள்.

“உம் பொண்ணுதான் சொல்லிச்சு. கழுத்துல மாட்டறப்போ அழுதுச்சு. அக்கா, இது கவரிங்கு, எங்க நைனா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறாரு, யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு கையைப் புடிச்சிக்கிச்சு. சரின்னேன். நீ என்னைத் திருடின்னு கத்தினப்போ, கவரிங்கை யாருனா திருடுவாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கியே முடிஞ்சிருக்கும். கேக்கல. தெனம் போன் பண்ணி, மாமியார்கிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன்க்கான்னு அழுவுது. நான்தான் வேணாம்னேன். வீடியோ கெடச்சா உம் பொண்ணு பேர் கெடாம நான் தப்பிச்சிக்கலாம்னுதான் இவங்களைக் கூப்பிட்டேன்.”

வேங்கடாசலம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத தேவேந்திரன் ஜன்னல் பக்கம் போய், கீழே பஸ் ஸ்டாண்டை வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றுகொண்டான்.

“அழுதது போதும். போனை எடுங்க,” என்றாள் தாட்சாயணி. “அந்த வாட்ஸ்அப் குரூப்பைத் தெறங்க. உங்க குரல்லயே சொல்லணும். நகை திருட்டுப் போகல. நானே எடுத்தேன். பெருமாள் உண்டியல்ல போட்டுட்டேன். இத்தனை நாள் சொல்லாம இருந்தது எந் தப்பு. கன்னிகா மேல ஒரு தப்பும் இல்ல, மன்னிச்சிடும்மா. இதுல ஒரு வார்த்தை பொய் கீதா?”

வேங்கடாசலம் யோசித்துப் பார்த்தார். இல்லைதான்.

“கவரிங்கான்னு யாரும் கேக்க மாட்டாங்க. உங்க சம்பந்திக்கு வேணும்னா பெருமாள்கிட்ட போய்த் திருப்பிக் கேக்கட்டும்.”

உடைந்த குரலில் பேசி அனுப்பினார். மன்னிப்பு கேட்கும் இடத்தில் போனைப் பார்த்துச் சொல்லாமல் கன்னிகாவைப் பார்த்தே சொன்னார். குரூப்பில் முதலில் ‘கோவிந்தா’ என்று ஒன்று விழுந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. கும்பிடும் கைகள் வரிசை வரிசையாக வந்தன. கன்னிகா திருடி என்று முதலில் போட்ட அதே புண்ணியவான், ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று போட்டார். கடைசியாக மாப்பிள்ளையின் அம்மா எழுதினார்: ‘சம்பந்தி பக்தி யாருக்கு வரும். போலீஸ் வேண்டாம்.’

ஹரிபிரசாத் மெல்ல எட்டிப் பார்த்தார். “அப்போ அந்த வீடியோவை அழிச்சிடட்டுமா? ஜாகா…”

“ஆல்பம் கைக்குப் போகட்டும். தொழில் தர்மம் இருக்குல்ல?” என்ற தாட்சாயணி, ஒரு பென் டிரைவைத் தேவேந்திரனிடம் நீட்டினாள். “காப்பி எடு. இதைக் கன்னிகா வெச்சிக்கட்டும். யாருக்காவது ஞாபக மறதி வந்தா உதவும்.”

வேங்கடாசலம் தலையை ஆட்டினார்.

அப்போது கன்னிகாவின் போன் அடித்தது. பெயரைப் பார்த்தாள். ஆவணிக்கு வேண்டாம் என்று முதலில் சொன்ன வீடு. எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் தேன் ஒழுகியது இங்கே வரை கேட்டது.

கன்னிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பி எடுக்கத் திறந்திருந்த திரையில் இன்னும் சிவப்பாக நின்ற டி டிரைவை ஒரு பார்வை பார்த்தாள்.

“லேதும்மா,” என்றாள். “ஆவணியில ஜாகா லேது.”